வளவில் தங்கும் விருந்தினர்

செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்றான பள்ளத்தூரின் வீதிகளில் முற்பகல் வெயிலில் நடந்து செல்லும் எவரும், ஒரு தெருவில் முகப்பையும் அடுத்த தெருவில் கொல்லைக் கதவையும் வைத்துக்கொண்டு நெடுக நீண்டு கிடக்கும் மாளிகைகளையும், அவற்றுள் பலவற்றின் கதவுகள் பூட்டியே கிடப்பதையும், காவலுக்கென்று திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரைத் தவிர வேறு ஆள் நடமாட்டம் இல்லாதிருப்பதையும் ஒருங்கே காண்பர். அங்கிருந்து சிறிது தொலைவில் இருக்கும் கானாடுகாத்தானிலும் கொத்தமங்கலத்திலும், சற்றுத் தள்ளிக் கடியாபட்டியிலும், இதே முறையில் கட்டப்பெற்ற வீடுகள் சில, கதவைத் திறந்து, தரையைத் துடைத்து, தூணுக்கு மெருகிட்டு, பாரிஸிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகின்ற பிரயாணிகளுக்குத் தங்கும் விடுதிகளாக நடைபெற்று வருகின்றன. இவ்விடுதிகளில் ஓரிரவு தங்குபவர் உண்மையில் பெறுவது என்ன, அவர் கொடுக்கும் பணம் எந்தச் சுகத்துக்கு விலையாகிறது, அவர் வந்து போவதால் வீட்டுக்கும் ஊருக்கும் விளைவது நன்மையா தீமையா என்ற கேள்விகள் செட்டிநாட்டின் மீது பற்றுடையோர் அனைவரும் நிதானமாக ஆராய வேண்டியவை. இவ்வீடுகளை விடுதியாக்கியதே பிழை என்று வருந்துவோர் உளர். விடுதியாக்கினால்தான் பிழைக்கும் என்று உறுதியாய்ச் சொல்வோரும் உளர். நான் இரண்டாம் கட்சியைச் சார்ந்தவன். ஆயினும் சில நிபந்தனைகளோடு சார்ந்தவன். அந்நிபந்தனைகள் இன்னவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இம்மாளிகைகள் எழுந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்தல் அவசியம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் முதலிய தேசங்களுக்குக் கடல் கடந்து சென்று, கொடுக்கல் வாங்கல் தொழிலில் ஈட்டிய திரவியத்தைத் தம் சொந்த ஊர்களிலே வீடாகவும் கோயிலாகவும் ஊருணியாகவும் மாற்றினர். பள்ளத்தூரைச் சேர்ந்த திவான் பகதூர் அ. மு. முருகப்பச் செட்டியார் 1900இல் பர்மாவில் தொடங்கிய தொழில்தான், பின்னர் இந்தியாவெங்கும் கிளைத்த முருகப்பா குழுமமாயிற்று. அக்குடும்பம் 1924இல் பள்ளத்தூரில் நிறுவிய மருத்துவமனை இன்றும் சுற்றுவட்டாரத்து மக்களுக்குப் பயன்படுகிறது. பர்மாத் தேக்கும், இத்தாலியப் பளிங்கும், பெல்ஜியத்துக் கண்ணாடியும், ஜப்பானிய ஓடுகளும் கப்பலேறி வந்து இவ்வறண்ட நிலத்தில் இறங்கியது அக்காலத்திலேதான். அந்தச் செல்வத்தின் மறுபுறத்தையும் மறைத்தல் தகாது. 1930ஆம் ஆண்டின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கைமாறியதால், கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காயிருந்தது, 1938க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. விரும்பி வாங்கிய நிலமன்று அது. வசூலாகாத கடனுக்கு ஈடாக வந்தது. என்றாலும் நிலத்தை இழந்தவனுக்கு அந்த வேறுபாடு ஆறுதலாயிருந்திருக்க முடியாது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பும், விடுதலை பெற்ற பர்மாவின் 1948ஆம் ஆண்டு நிலச் சட்டமும், 1963இல் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டதும் அந்த அத்தியாயத்தை முடித்து வைத்தன. வருவாய் நின்றது, வீடுகள் நின்றன.

இவ்வளவு பெரிய வீடுகளைக் கட்டியவர்கள் அவற்றில் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று விசாரிப்பவர்க்கு வியப்பே மிஞ்சும். கடல் கடந்து சென்ற செட்டியார் ஒரு கணக்குக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் வெளியிலே இருந்தார். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் அவர் தங்கியது கிட்டங்கியிலே. அங்கே நீளமான ஒரே கூடத்தில், பலருடைய பெட்டிகள் வரிசையாயிருக்க, தம் பெட்டியடியிலேயே பகலில் கணக்கெழுதி, இரவில் அங்கேயே பாயை விரித்துப் படுத்து, பொதுச் சமையற்காரர் ஆக்கிப் போட்டதை உண்டு நாள் கழித்தார். ஊரிலே தமக்காக எழுந்துகொண்டிருந்த மாளிகையின் தேக்குத் தூண்களின் விலையைக் கடிதத்தில் படித்தவர், தம் பாயைத் தவிர வேறு படுக்கையை அறியாதிருந்தார். ஊருக்கு மீண்ட காலத்திலும் வீடு நிறைந்திருந்தது கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி, படைப்பு முதலிய விசேஷ நாட்களிலேதான். ஆகையால் செட்டிநாட்டு வீடு தொடக்கம் முதலே, வருஷத்தில் சில நாள் பெருங்கூட்டத்தைத் தாங்குவதற்காகவும் மற்ற நாட்களில் பெண்களும் முதியோரும் சில பணியாளரும் மட்டுமே புழங்குவதற்காகவும் கட்டப்பட்டது. வந்து தங்கிப் போகும் மக்களை வரவேற்பது அதற்குப் புதிய தொழிலன்று.

வீட்டின் உள்ளமைப்பைக் கூர்ந்து நோக்கினால் இக்கருத்து இன்னும் வலுப்பெறும். முகப்பும் திண்ணையும் பட்டாலையும் ஆண்கள் தொழில் பேசவும் அந்நியரை உபசரிக்கவும் ஆனவை. அதைக் கடந்து உள்ளே சென்றால் வானம் பார்த்த முற்றமும், அதைச் சூழ்ந்த பத்தியும், பத்தியையொட்டி வரிசையாக அறைகளும் அமைந்த வளவு. அதற்கும் அப்பால் இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு, தோட்டம். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறைப் பகுதி ஒதுக்கப்பட்டது. மணமக்களைச் சிறிது காலத்திலேயே ‘வேறு வைத்து’, அவர்களுக்குத் தனிப் புள்ளியாகக் கணக்கும், தனி அடுப்பும், தனிப் பண்டமும் ஏற்படுத்தினார்கள். ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் வாழ்ந்தபோதும் அவரவர் வரவு செலவு அவரவர்க்கே. பொது முற்றம், தனி அறை, தனிக் கணக்கு என்ற இந்த ஏற்பாட்டைக் கருதும்போது, வேறெந்த நாட்டு மாளிகையைக் காட்டிலும் இவ்வீடு விடுதியாவதற்கு இயற்கையிலேயே தகுதி பெற்றதென்பது என் அபிப்பிராயம். விடுதிக்காரர்கள் தங்கள் வசதிக்கு இவ்வமைப்பைக் கண்டுபிடிக்கவில்லை. அது அவர்களுக்காகக் காத்திருந்தது.

அங்ஙனமாயின் இம்மாற்றம் ஏன் இத்துணைக் காலம் தாழ்த்து வந்தது? ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957இலேயே விடுதியாயிற்று. உதயப்பூரில் ஏரி நடுவே நிற்கும் அரண்மனை 1963இல் அவ்வழியைப் பின்பற்றிற்று. ஸ்பெயின் தேசத்தில் அரசாங்கமே 1928 முதல் பாரடோர் என்னும் விடுதிகளை நடத்தி, கோட்டைகளையும் மடங்களையும் அவ்வழியே காத்து வருகிறது. அரண்மனைக்கு உடையவர் ஒருவர்; அவர் தீர்மானித்தால் காரியம் முடிந்தது. செட்டிநாட்டு வீட்டுக்கோ உடையவர் பலர். தாத்தா கட்டிய வீட்டில் மகன்களுக்கும், அவர்தம் மகன்களுக்கும் பங்கு இறங்கி இறங்கி, மூன்று தலைமுறைக்குள் ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் டஜன் கணக்கில் பெருகிவிடுகிறார்கள். ஒருவர் கோலாலம்பூரில் இருப்பார், ஒருவர் கோயம்புத்தூரில் இருப்பார், மற்றொருவர் அமெரிக்காவில் இருப்பார். அனைவரும் கையெழுத்திட்டாலன்றி விற்கவும் இயலாது, வாடகைக்கு விடவும் இயலாது, ஓட்டை மாற்றவும் ஒருமனப்பட இயலாது. இப்படி உடன்பாடு எட்டாத வீடுகள் மழையில் நனைந்து சரிந்தன. உடன்பாடு எட்டிய வீடுகளுள் பல, பிரித்து விற்பதற்கென்றே எட்டின. நிலைக் கதவும், தூணும், பீங்கான் சாமானும், ரவிவர்மா படங்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வந்து குவிந்து, அங்கிருந்து தொலைதூர நகரங்களின் வரவேற்பறைகளுக்குச் சென்றன. ஒரு வீட்டின் நிலைக் கதவை இன்னொரு வீட்டில் மாட்டி அழகு பார்ப்பதில் எனக்கு என்றுமே உடன்பாடில்லை. கதவுக்கு மதிப்பு, அது எந்த வாசலுக்குச் செய்யப்பட்டதோ அந்த வாசலிலே.

விடுதி முயற்சிகளுள் முன்னோடியாக நின்றது காரைக்குடி செஞ்சைப் பகுதியிலுள்ள ‘தி பங்களா’. அது வளவு வீடன்று; விருந்தினரை உபசரிப்பதற்காகவே முன்னாளில் கட்டப்பட்ட பங்களா. 1999இல் திருமதி மீனாட்சி மெய்யப்பன் அதை விடுதியாகத் திறந்து, செட்டிநாட்டுச் சமையலை வாழையிலையிலே பரிமாறுவதை அதன் உயிர்நாடியாக்கினார். பின்னர் கானாடுகாத்தானில் ‘விசாலம்’ வந்தது. தந்தையொருவர் தம் மகள் விசாலாட்சிக்கெனக் கட்டிய அவ்வீட்டை சி.ஜி.எச். எர்த் நிறுவனம் எடுத்து நடத்துகிறது. கடியாபட்டியில் ‘சிதம்பர விலாஸ்’ இருக்கிறது. திருமயம் கோட்டைக்குப் பக்கத்திலுள்ள அவ்வூர் நிர்வாகத்தில் புதுக்கோட்டை ஜில்லாவைச் சேர்ந்ததாயினும் பண்பாட்டால் செட்டிநாடே. கொத்தமங்கலத்தில் 1910இல் கட்டப்பட்ட ‘சாரதா விலாஸ்’ என்னும் வீட்டைப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் செப்பனிட்டு விடுதியாக்கினர். கானாடுகாத்தானில் உரிமைக் குடும்பத்தாரே நடத்தும் ‘செட்டிநாடு மேன்ஷன்’ உண்டு. 2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றபின், வெளியூரார் கவனம் இப்பக்கம் மேலும் திரும்பிற்று.

இனி, விருந்தினரின் அனுபவத்துக்கு வருவோம். வண்டியிலிருந்து இறங்கி, வெயிலில் கண் கூசி, உயர்ந்த படிகளேறி முகப்புக்குள் நுழைந்த மாத்திரத்தில் அவரை முதலில் வரவேற்பது குளிர்ச்சி. கண்ணுக்கு இருள் பழகுமுன் உள்ளங்காலுக்குத் தரை பழகிவிடும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அது. கண்ணாடிப் பலகையின் மேல் தகட்டு அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கண்ணறையிலும் வர்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை நடுக்கமில்லாமல் தூக்கியெடுத்து, அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு கெட்டியான கலவையை நிரப்பி அழுத்தி, சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தினால், கண்ணாடி தானே கழன்று விழுந்து, அதன் வழவழப்பைக் கல்லுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். சூளை இல்லை, தீ இல்லை. கைப்பழக்கமும் தண்ணீரும் வெயிலுமே கருவிகள். இத்தரைக்கு மெருகு தருவது மனிதர் நடக்கும் நடை. நாள்தோறும் துடைத்து நாள்தோறும் மிதிபடும் தரை மின்னுகிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டின் தரை மங்கிப் பொரிந்துபோகிறது. விடுதிகளுக்குச் சார்பாகச் சொல்லத்தக்க நியாயங்களுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. ஏனெனில் இதைச் சொல்வது மனிதனல்ல, தரை.

சுவரும் அத்தகையதே. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, நைய அரைத்து, கருப்பட்டியும் கடுக்காய் நீரும் முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்து, பல பூச்சுகளாகப் பூசி, கடைசிப் பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு, நூறு வருஷத்துக்குப் பிறகும் வெள்ளையடிக்காமலே இருக்கிறது. புறங்கையை அதில் வைத்துப் பார்ப்பவர், நடுப்பகலிலும் அது தண்ணென்றிருப்பதை உணர்வார். முற்றம் சூடான காற்றை மேலே விடுகிறது. நீண்ட வீட்டின் இரு முனைக் கதவுகளையும் திறந்தால் காற்று ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு ஓடுகிறது. கூரையில் விழுந்த மழை வாரி வழியே முற்றத்திலிறங்கி, கிணற்றுக்கும் ஊருணிக்கும் போய்ச் சேருகிறது. இவ்வளவும் சேர்ந்ததுதான் இவ்வீட்டின் சௌகரியம். மின்சாரம் வராத காலத்தில், வெயில் கொளுத்தும் பூமியில், பெருங்குடும்பங்கள் உடல்நலத்தோடு வாழ்ந்ததற்குச் சாட்சி அது. தங்கியவர்களுள் ரசனையுள்ளோர் பெரும்பாலும் புகழ்வதும், மாலையில் முற்றத்துப் பத்தியில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்த நேரத்தைத்தான்.

குறை சொல்வோரும் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. வளவின் அறைகள் மனிதர் பகலெல்லாம் புழங்குவதற்காகக் கட்டப்படவில்லை. சீராக வந்த பாத்திரம் பண்டங்களையும் பெட்டகங்களையும் வைத்துப் பூட்டுவதற்கும், இரவில் புருஷனும் மனைவியும் ஒதுங்குவதற்குமே அவை உதவின. பகல் வாழ்வு பத்தியிலும் முற்றத்திலும் நடந்தது. ஆகவே அறைகள் சிறியவை, சாளரம் குறைந்தவை, கதவோ முற்றத்தைப் பார்த்தது. அறையோடு சேர்ந்த குளியலறை என்பது அக்காலத்தார் கேட்டறியாத ஒன்று. இன்றைய விருந்தினருக்காக இரண்டு அறைகளை ஒன்றாக்கி, சுவருக்குள் குழாயை இறக்கி, சுண்ணாம்புப் பூச்சை உடைத்துக் கம்பிகளை ஓட்ட வேண்டியதாகிறது. ஈரம் சுண்ணாம்புச் சுவரில் ஏறினால் பூச்சு உரியும். சிமெண்டால் ஒட்டுப்போட்டால் சுவர் மூச்சுவிட முடியாமல் மேலும் உரியும். இதையறிந்து, மாடியிலும் பின்கட்டிலும் புதிய வசதிகளை வைத்து வளவைத் தொடாமல் விட்ட இடங்களும் உண்டு. அறியாது, வளவையே கண்ணாடித் தடுப்பு போட்டுக் குளிரூட்டி, முற்றத்துக்கு மூடி போட்ட இடங்களும் உண்டு. முன்னதில் தங்கியவர் செட்டிநாட்டு வீட்டில் தங்கினார். பின்னதில் தங்கியவர் செட்டிநாட்டுத் தூண்களுக்கு நடுவே ஒரு பட்டணத்து ஓட்டலில் தங்கினார். செங்குத்தான மாடிப்படி, குனிந்து செல்ல வேண்டிய நிலை, மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி, சந்தியாகாலத்துக் கொசு முதலியவற்றையும் சிலர் குறை கூறுவர். முதியோர்க்குப் படிக்கட்டு மெய்யாகவே இடையூறு; அதற்குப் பரிகாரம் தேடத்தான் வேண்டும். மார்கழிப் பாட்டைப் பற்றிய குறையை மட்டும் நான் ஏற்பதற்கில்லை. ஊரின் நடுவே உள்ள வீட்டில் தங்க விரும்பியவர் ஊர் விழித்தெழும் ஓசையையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

உணவே இவ்விடுதிகளின் பெரும் கீர்த்தி. செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் என்று வெளியூர்ப் பலகைகள் பரப்பிய எண்ணம், இங்கே இலையின் முன் அமர்ந்த சற்று நேரத்தில் மறைந்துவிடுகிறது. மிளகும் சோம்பும் கல்பாசியும் மராட்டி மொக்கும் அளவறிந்து சேர்ந்த கோழி வறுவலும், உப்புக்கண்டமும் ஒரு பக்கம் இருக்கட்டும். அரிசி கழுவிய தண்ணீரில் காய்களை வேகவைத்துச் செய்யும் மண்டி, வெறும் அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து ஊற்றிய வெள்ளைப் பணியாரம், உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் நெய்யும் கூடிய கும்மாயம், பர்மா வாசத்தின் நினைவாய் வந்து நிலைத்த கறுப்பான கவுனி அரிசியின் இனிப்பு ஆகியவற்றை உண்ட பிறகுதான் இச்சமையலின் மென்மை விளங்கும். ஒரு கவளத்தில் இலங்கையும் ரங்கூனும் பினாங்கும் வந்து கலந்திருப்பதை, சரித்திரப் புத்தகம் படியாதவரும் நாவால் அறிந்துகொள்கிறார். ‘தி பங்களா’வின் சமையலைக் குறித்து 2014இல் வெளிவந்த நூல் அதன் புகழைக் கடல் கடந்தும் கொண்டுசென்றது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அப்பத்தாவும் ஆயாவும் கைப்பக்குவமாய் வைத்திருந்த பலகாரங்கள் வீட்டுக்கு வீடு வேறுபட்டன, அவை எழுதிவைக்கப்படாதவை. வீடு பூட்டப்பட்டு மக்கள் பட்டணம் சென்றபோது, அப்பக்குவம் கல்யாணச் சமையற்காரர்களிடமும் அடுப்படியில் உதவிக்கிருந்த பெண்களிடமுமே எஞ்சியது. விடுதிகள் அவர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்ததால் மறையவிருந்த ஒரு வித்தை பிழைத்தது. அம்மியில் அரைத்ததைக் கேட்கும் விருந்தினர் இருக்கும்வரை அம்மியும் இருக்கும். ஆனால் வெளிநாட்டார் நாவுக்கென்று காரத்தைக் குறைத்து, வெங்காயத்தையும் முந்திரியையும் கூட்டி, ‘செட்டிநாடு’ என்ற பெயரை மட்டும் வைத்துப் பரிமாறுகிற வழக்கம் தலைகாட்டும் இடத்தில், விருந்தினர் ஏமாற்றப்படுகிறார் என்றே சொல்வேன். வேண்டியவர்க்குக் காரத்தைக் குறைப்பது உபசாரம். பக்குவத்தையே மாற்றிவிடுவது உபசாரமாகாது.

சமையற்கட்டைப் பற்றிச் சொல்லும்போது, அதில் உழைத்தவர்களை மறந்து மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. இவ்வீடுகளின் பெருமையைப் பேசுகையில் கட்டியவர் பெயரும், தேக்கு வந்த துறைமுகமும் சொல்லப்படுகின்றன; முற்றம் பெருக்கியவர், நீர் இறைத்தவர், மாவு இடித்தவர், தூணைக் கல்லால் தேய்த்தவர் பெயர்கள் சொல்லப்படுவதில்லை. மன்னார்குடியில் பிறந்து, கைக்குழந்தையாகவே தாயாரோடு பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்து, வீட்டுவேலை செய்து பிழைத்த அத்தாயாரின் உழைப்பில் வளர்ந்து, நாடக மேடையில் ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பெயர் பெற்று, பின்னாளில் தமிழ்நாடு முழுவதும் ‘ஆச்சி’ என்று அழைத்த நடிகை மனோரமாவின் இளமைக் காலம், இவ்வீதிகளின் சரித்திரத்தில் மாளிகைகளுக்குச் சமமான இடம் பெறத்தக்கது. வீதி வீதியாக விருந்தினரை அழைத்துச் சென்று கட்டடங்களைக் காட்டும் வழிகாட்டிகள், இந்த ஊரில் அவர் வளர்ந்த கதையையும் சொல்வார்களானால், மாளிகையின் முன்கட்டை மட்டும் பார்த்துச் செல்பவர்கள் பின்கட்டையும் பார்த்தவர்களாவர்.

வழிகாட்டியோடு நடக்கும் இந்த நடையும், மிதிவண்டியிலும் மாட்டு வண்டியிலும் போகும் உலாவும், விடுதி வாழ்வின் ஒரு பகுதி. கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர் வரை வந்து தெருக்களைப் படமெடுத்துச் செல்வோர் பலர். திறந்திருக்கும் வீட்டைக் கண்டால் உள்ளே நுழைந்துவிடுவதும், திண்ணையிலிருக்கும் முதியவரைக் கேளாமலே படம் பிடிப்பதும், ஊரார்க்கு மனக்கசப்பைத் தருகின்றன. வீடு பார்க்கக் காவலாளிக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டது. அத்தொகை வீட்டின் ஓட்டுக்கோ உத்தரத்துக்கோ போய்ச் சேர்வதில்லை. இதை ஒழுங்குபடுத்தி, பார்வைக்குத் திறக்கச் சம்மதிக்கும் வீடுகளுக்குக் குறிப்பிட்ட நேரமும் கட்டணமும் ஏற்படுத்தி, வரும் பணத்தை அவ்வீட்டின் மராமத்துக்கே செலவிடச் செய்தால், விடுதியாக முடியாத வீடுகளுக்கும் விடுதியின் பயன் ஓரளவு கிட்டும். எல்லா வீடும் விடுதியாக முடியாது, ஆகவும் வேண்டியதில்லை.

ஊருக்கு வரும் வருமானத்தைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுதல் தவறு. ஆத்தங்குடிக் கல் செய்வோர்க்கும், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை நெய்வோர்க்கும், பனையோலையில் கொட்டான் முடையும் பெண்களுக்கும் விருந்தினர் வருகையால் விற்பனை உண்டாகிறது. தச்சருக்கும் கொத்தனாருக்கும் பழைய முறையில் வேலை செய்யும் வாய்ப்புக் கிடைக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் குறைந்துவரும் காலத்தில் இது சிறு லாபமன்று. ஆயினும் பருவம் என்று சொல்லத்தக்கது கார்த்திகை தொடங்கி மாசி வரையே; கோடையில் அறைகள் காலியாகின்றன, வேலையும் குறைகிறது. மேலும், நீச்சல் குளம் வெட்டிய விடுதிகளைப் பார்க்கையில், ஊருணியைத் தூர்வாராமல் விட்டுவிட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரில் குளத்தை நிரப்புவது இப்பூமியின் தர்மத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுகிறது. மழை நீரின் ஒவ்வொரு துளியையும் கணக்குப் பார்த்துச் சேர்த்தவர்கள் கட்டிய வீடு அது. குளம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. குளம் வெட்டுவோர் ஓர் ஊருணியைத் தூர்வாரும் செலவையும் ஏற்க வேண்டும் என்கிறேன்.

கடல் கடந்த ஓர் உதாரணத்தையும் ஒப்பிடலாம். பினாங்கில் செட்டியார்களும் வாழ்ந்த ஜார்ஜ் டவுன் நகரில், சோங் பாட் சீ என்னும் சீன வணிகர் கட்டிய நீல நிற மாளிகை, சிதைந்து கிடந்த நிலையிலிருந்து பழைய முறையிலேயே செப்பனிடப்பட்டு, 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்று, விருந்தினர் தங்கும் இல்லமாகவும் விளங்குகிறது. பிறந்த மண்ணைவிட்டுச் சென்று பொருளீட்டிய வணிகர் ஒருவரின் வீடு என்பதால் அது செட்டிநாட்டுக்கு நெருங்கிய உறவுடையது. அங்கே சுண்ணாம்பையும் மரத்தையும் அறிந்த கைவினைஞரை முதலில் தேடி, அலங்காரத்தைப் பிறகு யோசித்த முறைதான் நமக்குப் பாடமாகத் தக்கது. நம்மிடத்தில் சில இடங்களில் அலங்காரம் முந்திவிடுகிறது. ஒரு வீட்டுக்கும் சம்பந்தமில்லாத பழம்பொருள்களைக் கடைத் தெருவிலிருந்து வாங்கிவந்து அடுக்கி, அதையே பாரம்பரியம் என்று காட்டுகிறார்கள். அந்த வீட்டின் அப்பச்சி உட்கார்ந்து எழுதிய சாய்வு மேசை ஒன்று இருக்குமானால், அது நூறு கடைப் பொருள்களுக்கு ஈடு.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வளவிலும் சாமி வீடு என்று ஓர் அறை உண்டு. குடும்பத்தில் மறைந்த முன்னோர்க்கு வருஷந்தோறும் அங்கே படைப்பு நடக்கும். அன்று உலகெங்கும் சிதறிய பங்காளிகளும் பிள்ளைகளும் வந்து கூடி, ஒரே முற்றத்தில் ஒரே பந்தியில் உண்பர். பூட்டிய வீடுகளும் வருஷத்தில் ஒருநாள் திறக்கப்படுவது இதற்காகத்தான். பங்காளிகள் வீட்டை விற்கத் தயங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். விடுதிக்கு வாடகைக்கு விடும்போது இந்த அறை என்னவாகும் என்ற கவலையே பலர் கையைப் பிடித்து நிறுத்துகிறது. ஆகவே, குத்தகைப் பத்திரத்திலேயே, சாமி வீடு குடும்பத்தாரின் பொறுப்பில் பூட்டியிருக்கும் என்றும், படைப்பு நாளிலும் அதற்கு முன்னும் பின்னும் வேண்டிய நாட்களிலும் வளவு முழுவதும் குடும்பத்துக்கே விடப்படும் என்றும், அந்நாட்களில் விருந்தினருக்கு அறை ஒப்புக்கொள்வதில்லை என்றும் தெளிவாக எழுதிக்கொள்வது நலம். இப்படி எழுதிக்கொண்டால் கையெழுத்திட மறுத்துவரும் பங்காளிகள் பலர் இசைவார்கள் என்று நம்புகிறேன். அறையின் கதவு ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்கும் விருந்தினருக்கு அதன் காரணத்தை உள்ளபடியே சொல்ல வேண்டும்; அதைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. பள்ளத்தூரில் இன்று பூட்டியிருக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு ஷரத்தோடு பேச்சைத் தொடங்கலாம். பங்காளிகள் அனைவரும் ஊருக்கு வரும் அடுத்த படைப்பு நாளே அதற்குத் தோதான நாள்.